வண்டிக்கு ஒரே வயது இல்லை



இந்தக் கூட்டத்துக்கு வரும்போது வாசலில் நிற்கும் கார்களைப் பார்த்துக்கொண்டே வந்தேன். மாருதி 800, சான்ட்ரோ, பழைய வேகன்-ஆர், முதலில் வந்த ஸ்விஃப்ட், ஓர் இண்டிகா. பாதிக்கு மேல் பத்து வயதைத் தாண்டிய வண்டிகள். இவற்றில் வந்தவர்களைத் தனியாகப் பிடித்துக் கேட்டால் எல்லோருக்கும் கவலை ஒன்றுதான்: இதை இன்னும் எத்தனை நாள் நம்பலாம்? மகளுக்கு இடுப்பு வலி எடுக்கிற இரவில் செல்ஃப் எடுக்குமா? குலதெய்வம் கோயிலுக்குக் குடும்பத்தோடு போகும்போது பொட்டல்காட்டில் நின்றுவிடுமா? புது வண்டி வாங்க வசதிப்படாத வீட்டில் இது சின்னக் கவலை இல்லை.

இதற்கு ஊரில் மூன்று பதில்கள் புழங்குகின்றன. "பதினைஞ்சு வருஷம் ஆச்சுன்னா தள்ளிவிட்டுடணும்" என்பது ஒன்று. "லட்சம் கிலோமீட்டர் தாண்டினா செலவு வைக்கும்" என்பது இரண்டாவது. "அந்தக் கம்பெனி வண்டின்னா கண்ணை மூடிக்கிட்டு ஓட்டலாம்" என்பது மூன்றாவது. வயது, ஓட்டம், கம்பெனி. மூன்றிலும் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் மூன்றையும் சேர்த்து வைத்தாலும் உங்கள் வீட்டு வாசலில் நிற்கும் வண்டியைப் பற்றி அதிகம் தெரிந்துகொள்ள முடியாது. பழைய காருக்கு ஒரே வயது கிடையாது. அதில் உள்ள ஒவ்வோர் உதிரிக்கும் தனித்தனி வயது. நான் சொல்ல வந்தது இதைத்தான்.

2009-ல் வாங்கிய ஒரு சான்ட்ரோவை வைத்துக்கொள்ளுங்கள். ஆர்.சி. புத்தகப்படி எல்லாமே 2009. ஆனால் பேட்டரி போன வருடம் மாற்றியது. டயர் போட்டு நாலு வருடம். கிளட்ச் பிளேட் இரண்டு தடவை மாறியாயிற்று. ரேடியேட்டர் ஹோஸ் மட்டும் தொழிற்சாலையில் மாட்டியது அப்படியே இருக்கிறது. பிரேக் ஆயில் குறைந்தால் மேலே ஊற்றியதோடு சரி, பழையதை முழுக்க வடித்துப் புதிதாக ஊற்றியதே இல்லை. இந்த வண்டிக்கு என்ன வயது சொல்வீர்கள்? பேட்டரியைக் கேட்டால் குழந்தை, ஹோஸைக் கேட்டால் கிழம்.

இன்ஷூரன்ஸ்காரர்கள் இதை எப்போதோ புரிந்துகொண்டவர்கள். விபத்துக்கு இழப்பீடு கணக்குப் போடும்போது இரும்பு உதிரிகளுக்கு வண்டியின் வயதைப் பார்த்துப் படிப்படியாகத் தேய்மானம் கழிப்பார்கள். ரப்பர், நைலான், பிளாஸ்டிக், டயர், பேட்டரி என்று வந்துவிட்டால், தனியாகப் பணம் கட்டிக் கூடுதல் பாதுகாப்பு எடுக்காதவர்களுக்கு நேராக 50 சதவீதம் கழிவு. வண்டி புதிதா பழையதா என்ற பேச்சே இல்லை.

கணிதக்காரர்களும் இதைத் தொட்டிருக்கிறார்கள். 1960-ல் டிரெனிக் என்பவர் ஒன்றைக் காட்டினார். பல உதிரிகள் சேர்ந்த இயந்திரத்தில் கெட்டதைக் கெட்டதை மாற்றிக்கொண்டே வந்தால், நாளடைவில் பழுதுகள் ஏறிக்கொண்டே போவதில்லை. ஏறக்குறைய சீரான ஒரு விகிதத்தில் வந்து நின்றுவிடுகின்றன. உதிரிகளின் வயது கலைந்துபோவதுதான் காரணம். எல்லாமே ஒரே நாளில் பிறந்திருந்தால் ஒரே சமயத்தில் கிழடுதட்டும். ஏழெட்டு வருடத்தில் ஷாக் அப்சார்பர், லோயர் ஆர்ம் புஷ், கிளட்ச், ஏ.சி. கம்ப்ரஸர் என்று ஒன்றன் பின் ஒன்றாகச் செலவு இழுப்பதை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அந்த அலை ஓய்ந்த பிறகு வண்டி நிதானத்துக்கு வந்துவிடும். பலர் என்ன செய்கிறார்கள் என்றால், அந்தச் செலவையெல்லாம் செய்து முடித்த கையோடு "போதும்டா சாமி" என்று விற்றுவிடுகிறார்கள். புது கிளட்ச், புது ஷாக் அப்சார்பரோடு வாங்கிப் போகிறவர் நிம்மதியாக ஓட்டுகிறார்.

உதிரிகள் இரண்டு விதமாக வயதாகின்றன. கிளட்ச் பிளேட், பிரேக் பேட், வீல் பேரிங், டயரின் பட்டன் எல்லாம் ஓட ஓடத் தேயும். ரப்பர் ஹோஸ், எண்ணெய்கள், சீல், பெல்ட் எல்லாம் வண்டி சும்மா நின்றாலும் கெடும். கிலோமீட்டரை மட்டும் பார்த்து வண்டி வாங்குகிறவர்கள் ஏமாறுவது இங்கேதான். "ரிட்டயர்டு ஆள் ஓட்டினது சார், பன்னிரண்டு வருஷத்துல இருபத்தஞ்சாயிரம்தான் ஓடியிருக்கு" என்று புரோக்கர் சொன்னால் நாம் மயங்கிவிடுகிறோம். அந்த வண்டி காலையில் காய்கறிக் கடைக்கும் மாலையில் கோயிலுக்கும் போயிருக்கும். இரண்டு கிலோமீட்டர் ஓட்டத்தில் என்ஜின் முழுச் சூடு ஏறாது. உள்ளே கோக்கும் ஈரம் ஆவியாகாமல் என்ஜின் ஆயிலில் தங்கிவிடும். மகன் வெளிநாட்டில், வண்டி போர்ட்டிகோவில் என்று மாதக்கணக்கில் நின்ற வண்டியானால் எலி ஒயரைக் கடித்திருக்கும், பேட்டரி செத்திருக்கும். வேலூருக்கும் சென்னைக்கும் வாரம் இரண்டு தடவை போய்வந்து ஒன்றேகால் லட்சம் ஓடிய வண்டி, ஒழுங்காக ஆயில் மாற்றியிருந்தால், அதைவிட எவ்வளவோ தேவலை.

டயரைப் பாருங்கள். பட்டன் நன்றாக இருக்கிறது, இன்னும் இருபதாயிரம் ஓடும் என்று நினைப்போம். பக்கச்சுவரில் டி.ஓ.டி. என்ற எழுத்துகளைத் தேடி, அந்த வரிசையின் கடைசியில், முட்டை வடிவக் கட்டத்துக்குள் இருக்கும் நாலு எண்களைப் படியுங்கள். 2319 என்று இருந்தால் 2019-ம் ஆண்டு 23-வது வாரத்தில் செய்தது. சில சமயம் அந்த எண் சக்கரத்தின் உள்பக்கம் இருக்கும். குனிந்து செல்போன் வெளிச்சம் அடித்துத்தான் பார்க்க வேண்டும். பல டயர் கம்பெனிகள் பத்து ஆண்டை உச்ச வரம்பாகச் சொல்கின்றன. நம் ஊர் வெயிலில் ஆறு வருடம் தாண்டிய டயரோடு குடும்பத்தை ஏற்றிக்கொண்டு நாற்கரச் சாலையில் நூறில் போகாதீர்கள் என்பது என் கருத்து. பட்டன் எவ்வளவு இருந்தாலும் சரி.

பிரேக் ஆயில் இதைவிட மோசம், ஏனென்றால் அதன் முதுமை கண்ணுக்கே தெரியாது. அது காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும் தன்மை உடையது. டாட்-3 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்கக் கூடாது என்பது தரம். அதில் 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்தால் 140 டிகிரி தாங்கினாலே போதும் என்று அதே தரநிர்ணயம் விட்டுக்கொடுக்கிறது. ஊருக்குள் ஓட்டும்போது இந்த வித்தியாசம் தெரியவே தெரியாது. கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கும்போது தெரியும். ஆயில் கொதித்து ஆவியானால், அந்த ஆவி அமுங்கும், மிதி தரையோடு போய் ஒட்டும், வண்டி நிற்காது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை முழுக்க மாற்றினால் இந்தப் பயம் இல்லை. மலையில் ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும் என்று பழைய டிரைவர்கள் சொல்வதையும் விட்டுவிடாதீர்கள்.

இப்போது எது நம்மை நடுவழியில் விடும் என்பதற்கு வருகிறேன். சத்தம் போடுகிற பழுதை நான் பெரிதாக மதிப்பதில்லை. வீல் பேரிங் போனால் வாரக்கணக்கில் உறுமும். பிரேக் பேட் தீர்ந்தால் கிறீச்சிடும். கிளட்ச் தேய்ந்தால் மேட்டில் என்ஜின் இரையும், வண்டி ஏறாது. சைலன்ஸர் ஓட்டையானால் தெருவுக்கே தெரியும். இவையெல்லாம் முன்கூட்டியே சொல்லிவிட்டு வருபவை. மெக்கானிக்கிடம் போக அவகாசம் தருபவை. பயப்பட வேண்டியது சொல்லாமல் வருபவற்றுக்கு.

அவற்றில் முதலிடம் டைமிங் பெல்ட்டுக்கு. என்ஜினின் கீழ்ப்பாதிச் சுழற்சியையும் மேலே வால்வுகளைத் திறந்து மூடும் தண்டையும் சேர்த்துக் கட்டியிருக்கும் பல் வைத்த ரப்பர் பட்டை அது. மூடிக்கு உள்ளே இருப்பதால் யாரும் பார்ப்பதில்லை. அறுந்தால் என்ஜின் அந்த நொடியே நிற்கும். பல என்ஜின்களில் பிஸ்டன் போய் வால்வுகளை இடித்து வளைத்துவிடும். சில ஆயிரம் ரூபாயில் முடிந்திருக்க வேண்டிய வேலை ஹெட்டை இறக்குவதில் போய் நிற்கும். மாருதி 800, சான்ட்ரோ போன்ற வண்டிகளில் பெல்ட்தான். பின்னால் வந்த மாருதி கே-சீரிஸ் என்ஜின்களில் செயின் வந்துவிட்டது. உங்கள் வண்டியில் இருப்பது பெல்ட்டா செயினா என்று இன்று வீட்டுக்குப் போனதும் கையேட்டை எடுத்துப் பாருங்கள். பெல்ட் என்றால் அதில் கிலோமீட்டர் கணக்கும் வருடக் கணக்கும் போட்டிருக்கும்; எது முதலில் வருகிறதோ அதுதான் கெடு. மாற்றும்போது டென்ஷனர் பேரிங்கையும், அந்தப் பெல்ட்டே ஓட்டுகிற வாட்டர் பம்ப்பாக இருந்தால் அதையும் சேர்த்து மாற்றிவிட வேண்டும். கூலி ஒன்றுதான்.

இரண்டாவது கூலன்ட் ஹோஸ். என்ஜின் ஆறியிருக்கும்போது பானட்டைத் திறந்து, ரேடியேட்டரிலிருந்து என்ஜினுக்குப் போகும் தடித்த ஹோஸைக் கையால் அமுக்கிப் பாருங்கள். நல்ல ஹோஸ் அமுங்கி உடனே எழும். கெட்டது ஒன்று கல்லாக இருக்கும், அல்லது கொழகொழவென்று இருக்கும். கிளாம்ப் கடிக்கும் இடத்தில் மெல்லிய வெடிப்புகள் ஓடியிருக்கும். வெயில் நேரத்தில், ஏ.சி. போட்டு, நாலு பேரை ஏற்றிக்கொண்டு போகும்போது அது வெடிக்கும். டெம்பரேச்சர் முள் மேலே போகும்தானே என்று நம்பியிருக்கக் கூடாது. அந்த சென்சார் தண்ணீரில் மூழ்கியிருந்தால்தான் சரியாகக் காட்டும். தண்ணீர் மொத்தமும் வெளியேறிவிட்டால் முள் கீழே இறங்கினாலும் இறங்கும். ஏறிய முள் திடீரென்று இறங்கினால் நிம்மதி அடையாதீர்கள். ஓரம் கட்டி என்ஜினை நிறுத்துங்கள். இன்னும் ஒரு கிலோமீட்டர்தானே, பங்க் வரைக்கும் போய்விடலாம் என்று ஓட்டினால் அலுமினிய ஹெட் வளைந்துவிடும். 2023-லிருந்து பங்குகளில் வரத் தொடங்கிய 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலும் பழைய ரப்பருக்கு ஆகாது என்பதால், பெட்ரோல் ஹோஸையும் இந்தப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஒருவர் கேட்கலாம்: அம்பாஸடர் காலத்தில் இதெல்லாம் பார்த்தோமா? 1950-களின் கடைசியில் மேற்கு வங்கத்து உத்தர்பாராவில் தொடங்கி 2014 வரை அந்த வண்டியைச் செய்தார்கள். அம்பாஸடரும் பிரீமியர் பத்மினியும் அடிக்கடி நின்ற வண்டிகள்தான். ஆனாலும் ஜனங்கள் அவற்றை நம்பினார்கள், அந்த நம்பிக்கை சரியானதும்கூட. பிளாட்டினம் பாயின்ட்டை உப்புத்தாளால் தேய்த்து, கார்பரேட்டர் ஜெட்டை ஊதி, ஃபேன் பெல்ட் மாற்றிக் கிளப்பிவிட எந்த ஊரிலும் ஒரு கைக்காரர் இருந்தார். நின்ற வண்டி அரைமணியில் எழுந்து போகும். மாருதி 800 1983 டிசம்பரில் வந்தபோதுகூட கார்பரேட்டர்தான். 2000-த்தை ஒட்டி எரிபொருள் ஊசி முறை வந்த பிறகு வண்டி நிற்பது வெகுவாகக் குறைந்தது. ஆனால் நின்றால் நின்றதுதான். டேங்குக்குள் மூழ்கிக் கிடக்கும் ஃபியூயல் பம்ப் போனால் சாலையோரத்தில் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. அந்தப் பம்ப்புக்குச் சுற்றியுள்ள பெட்ரோல்தான் குளிர்ச்சி. எப்போதும் ரிசர்வில் ஓட்டுகிறவர்கள் அதன் ஆயுளைத் தாங்களே குறைக்கிறார்கள். ஆக, இன்றைய பழைய வண்டியைச் சாலையில் சரிசெய்ய முடியாது, வீட்டில் இருக்கும்போதே கவனித்தாக வேண்டும். நாம் இன்னும் அம்பாஸடர் காலத்துப் பழக்கத்தில், நின்ற பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்கிறோம்.

கம்பெனிப் பெயரைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஜே.டி. பவர் நிறுவனத்தின் பேர்பெற்ற நம்பகத்தன்மை ஆய்வு, மூன்று வயது வண்டிகளில் நூறு வண்டிக்கு எத்தனை குறை என்று எண்ணுகிறது. புது வண்டி வாங்குகிறவருக்கு அது உதவும். பதினான்கு வயது வண்டியைப் பற்றி அது எதுவும் சொல்லாது. இந்த வயதில் கம்பெனியைப் பற்றிக் கேட்க வேண்டிய கேள்வி வேறு: உதிரி கிடைக்கிறதா? மாருதி 800 உற்பத்தி நின்று பல ஆண்டு ஆகியும், அதன் குடும்பத்து என்ஜின் ஆம்னியிலும் ஆல்டோவிலும் ஓடியதால், சாதாரண ஊர் ஸ்பேர்ஸ் கடையிலும் சாமான் கிடைக்கிறது. ஜெனரல் மோட்டார்ஸ் 2017-ல் இந்தியாவில் கார் விற்பதை நிறுத்தியது. மறைமலை நகரில் கார் செய்துவந்த ஃபோர்டு 2021-ல் உற்பத்தியை மூடுவதாக அறிவித்தது. அந்த வண்டிகள் கெட்டவை என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் ஒரு சென்சாருக்காகச் சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக் கடைகளில் ஏறி இறங்கவோ, புதுப்பேட்டையில் பழையதைத் தேடவோ வேண்டியிருந்தால், அதுவும் நம்பகத்தன்மையில் ஒரு பங்குதான்.

சட்டம் என்ன செய்கிறது? சொந்தக் காருக்குப் பதிவு 15 ஆண்டு. அதன் பிறகு வண்டியைக் காட்டி ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்கலாம். 2022 ஏப்ரலிலிருந்து அதற்கான மத்திய அரசுக் கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனது. பதினைந்து ஆனால் வண்டியைப் பிடுங்கிக்கொள்வார்கள் என்று இங்கே பலர் பயப்படுகிறார்கள். அந்தத் தடை காற்று மாசுக்காக டெல்லி வட்டாரத்துக்கென்று வந்தது. என் குறை வேறு. டாக்ஸிக்கு எட்டு வயது வரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறையும் பிறகு வருடாவருடமும் எஃப்.சி. என்ற தகுதிச் சோதனை உண்டு. சொந்தக் காருக்கோ முதல் பதினைந்து ஆண்டில் புகைச் சோதனையைத் தவிர வேறு எதுவும் இல்லை. பிரேக், டயர், ஸ்டியரிங் எதையும் யாரும் பார்ப்பதில்லை. பிரிட்டனில் எம்.ஓ.டி. என்ற சோதனை 1960-லிருந்து நடக்கிறது. இன்று அங்கே மூன்று வயது ஆன காருக்கு வருடாவருடம் சோதனை. எந்த வண்டி எதில் தேறவில்லை என்பதை வண்டி எண்ணைத் தட்டி யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். இங்கேயும் அப்படி ஒரு சோதனை வேண்டும் என்று நான் வெளிப்படையாகவே கேட்கிறேன். கட்டணம் சாதாரணக் குடும்பம் தாங்குகிற அளவில் இருக்க வேண்டும், முடிவு எல்லோருக்கும் தெரிய வேண்டும். பதினைந்தாவது வயதில் ஒரே ஒரு நாள் பார்ப்பதைவிட அது ஆயிரம் மடங்கு மேல்.

அது வரும்வரை நாம்தான் நமக்கு எம்.ஓ.டி. நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி கார் டேஷ்போர்டில் போடுங்கள். என்ன மாற்றியது, எந்தத் தேதி, எத்தனை கிலோமீட்டரில். இந்த மூன்றும் போதும். பில்லை அதிலேயே ஒட்டிவிடுங்கள். மெக்கானிக் தம்பி "எல்லாம் பார்த்துட்டேன்ணே" என்றால், "என்னென்ன பார்த்தேன்னு இதுல எழுதிக் கொடுப்பா" என்று நோட்டை நீட்டுங்கள். பழைய வண்டி வாங்கும்போதும் முதலில் கேட்க வேண்டியது இந்த மாதிரி ஒரு நோட்டை. இல்லை என்றால் எல்லா ரப்பரும் எல்லா எண்ணெயும் வண்டியின் வயதுதான் என்று வைத்து விலை பேசுங்கள். கூடவே சீட் பெல்ட்டைக் கடைசிவரை வெளியே இழுத்துப் பாருங்கள். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் சென்னையில் கார்கள் மூழ்கின. கழுவி பாலிஷ் போட்டவர்கள் பெல்ட்டின் கடைசி முழத்தைக் கழுவ மறந்திருப்பார்கள். அங்கே சேற்றுக்கோடு தெரியும்.

செலவு விஷயத்தில் வீட்டில் நடக்கும் சண்டை எனக்குத் தெரியும். "எண்பதாயிரத்துக்குப் போகாத வண்டிக்கு நாற்பதாயிரம் செலவா?" என்பார்கள். வண்டியின் விற்பனை விலையோடு செலவை ஒப்பிடுவதே தப்பு. புது வண்டிக்கு ஒரு வருடத்தில் கட்டப்போகும் மாதத் தவணையோடு, இன்ஷூரன்ஸோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நாற்பதாயிரம் நாலு மாதத் தவணைக்குள் அடங்கிவிடும்.

ஆனால் இந்தக் கணக்குக்கு வெளியே இரண்டு விஷயங்கள் இருக்கின்றன, அவற்றில் எனக்குச் சமாதானம் கிடையாது. ஒன்று, ஒழுங்காக ஓடுவது வேறு, மோதினால் காப்பாற்றுவது வேறு. 2014 ஜனவரியில் குளோபல் என்கேப் அமைப்பு இந்தியாவில் பிரபலமான ஐந்து சிறிய கார்களின் ஏர்பேக் இல்லாத வகைகளை மோதிச் சோதித்தது. பெரியவர் பாதுகாப்பில் ஐந்துக்கும் பூஜ்ய நட்சத்திரம். டிரைவர் ஏர்பேக்கும் ஏ.பி.எஸ்ஸும் கட்டாயமானது 2019-ல்தான். நீங்கள் எத்தனை உதிரி மாற்றினாலும் இல்லாத ஏர்பேக் வந்துவிடாது. அந்த மாதிரி வண்டியை ஊருக்குள் வைத்துக்கொள்ளுங்கள். இரவில் நெடுஞ்சாலைக்குக் கொண்டுபோக வேண்டாம். பின்சீட்டில் உட்காருகிறவர்களும் பெல்ட் போடட்டும்.

இன்னொன்று, எல்லா உதிரியையும் மாற்றலாம், பாடியை மாற்ற முடியாது. உண்மையிலேயே ஆர்.சி. புத்தகத்து வயதோடு இருப்பது அது ஒன்றுதான். நாகப்பட்டினம், தூத்துக்குடி, எண்ணூர் என்று உப்புக்காற்று அடிக்கும் ஊர்க்காரர்கள் இதைத் தள்ளிப்போடவே கூடாது. வருடம் ஒருமுறை வண்டியை லிஃப்டில் ஏற்றி, ஜாக்கி வைக்கும் இடம், கதவுக்குக் கீழே ஓடும் பட்டை, பானட்டுக்குள் ஷாக் அப்சார்பரின் தலை உட்காரும் இடம் ஆகியவற்றை ஸ்க்ரூடிரைவரின் முனையால் அழுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். மேலாகப் பிடித்த துருவைச் சுரண்டிப் பெயின்ட் அடிக்கலாம். முனை உள்ளே இறங்கிவிட்டால், என்ஜின் எவ்வளவு அருமையாக ஓடினாலும், எஃப்.சி. இன்னும் நாலு வருடம் இருந்தாலும், அந்த வண்டியில் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாதீர்கள். டிங்கரிங் பார்த்து, தகடு வைத்து, பட்டி பூசி, விவரம் தெரியாத வேறொரு குடும்பத்துக்கு விற்கவும் செய்யாதீர்கள். 2021-ல் அறிவித்த வாகன அழிப்புக் கொள்கைப்படி பதிவு பெற்ற மையங்கள் இருக்கின்றன. அங்கே கொடுத்து, ஒப்படைத்ததற்கான சான்றிதழை வாங்கி, ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பதிவை ரத்து செய்துவிடுங்கள். பேட்டரியும் டயரும் புதிதாக இருந்தால் கழற்றிக்கொள்ளலாமா என்று கொடுப்பதற்கு முன்பே மையத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.